அப்பா போட்ட முடிச்சு

வட்டகொடை கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்த சண்முகராஜா கட்டும் பொட்டலம் பேர்போனது. அந்தச் சணல் முடிச்சைப் பல்லால் கடித்துப் பார்த்துவிட்டுக் கத்தியைத் தேடாதவர் ஊரில் இல்லை. வெறும் விரலால் அவிழ்க்கக்கூடியவள் ஒருத்திதான்: அவருடைய ஒன்பது வயது மகள் நிலக்ஷி.

அவளுக்கு மூட்டுவாதம். கண்டியில் டாக்டர் குணபூசணி கொடுத்த மாத்திரையை வெள்ளிக்கிழமைதோறும் விழுங்கி, விரல் வீக்கம் வடிந்து ஓராண்டாகியிருந்தது. அப்போதுதான் மருந்துக்கடைக்காரர் ஒருவர், இது புற்றுநோய்க்கும் கொடுக்கிற மருந்து என்று சொல்லிவைத்தார். தாய் பரிமளம் நடுங்கிப்போய் டாக்டரிடமே கேட்டாள்.

யாழ்ப்பாணத்துக்காரியான டாக்டர் எதையும் மறைக்கவில்லை. “இப்பிடியான மருந்துகளால பிள்ளையளுக்குப் புற்றுநோய் கூட வருமோ எண்டு ஆராய்ஞ்சுகொண்டிருக்கினம். இன்னும் உறுதியாச் சொல்லேலாது. வந்தாலும் மெத்த அரிது. ஆனா மருந்தை விட்டா மூட்டுக் கெடுறது அரிதில்லை, அம்மா.”

ரயில் வட்டகொடைக்கு வந்து சேர்ந்தபோது பரிமளத்திடம் முதல் வாக்கியம் மட்டுமே மிஞ்சியிருந்தது. மாத்திரை அலமாரி உச்சிக்குப் போயிற்று.

“டாக்டரம்மா சொன்ன மத்ததெல்லாம் எங்க போச்சு?” என்று சண்முகராஜா ஐந்து வெள்ளிக்கிழமைகள் கேட்டார்.

“பெத்தது நீங்களா, நானா?” என்று ஐந்து வெள்ளிக்கிழமைகளும் பதில் வந்தது.

ஆறாவது வெள்ளிக்கிழமை, மாரியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. வெள்ளைப் பூ வந்தால் மாத்திரை. சிவப்பு வந்தால் வேண்டாம். குழந்தை ஒரு பொட்டலத்தை எடுத்துத் தன் கையாலேயே பிரிக்க வேண்டும்.

பூசாரி சோலைமலை தட்டைப் பார்த்தார். “என்ன மொதலாளி, நாலு பொட்டலம் இருக்கு?”

“நான் ரெண்டுதானே வச்சேன்.”

“நானும் ரெண்டுதாங்க வச்சேன்,” என்றாள் பரிமளம். “நான்தான் கட்டுறேன்னு சொன்னேன்ல?”

“நீ கட்டுனா ரெண்டுலயும் செவப்புதான் இருக்கும்னு எனக்குத் தெரியாதா?”

“அப்ப உங்க ரெண்டும் வெள்ளை!”

பூசாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். “ஆத்தாளையே ஏமாத்தப் பாத்தீங்களா, ரெண்டு பேரும்? சரி, பாப்பா எடுக்கட்டும். ஆத்தா பாத்துக்குவா.”

நிலக்ஷி பழக்கத்தில் அப்பாவின் முடிச்சையே தேடி எடுத்தாள். இழுத்தாள். நகத்தால் நெம்பினாள். சணல் அசையவில்லை. “அப்பா கட்டுனதாச்சே, அதான்,” என்று சிரித்தாள்.

சண்முகராஜா குனிந்து பார்த்தார். விரல் கணுக்கள் கொட்டைப்பாக்குப் போல வீங்கியிருந்தன. “வலிக்குதாம்மா?”

“இல்லப்பா.” சிரித்துக்கொண்டே கண் நிறைந்துவிட்டது. “வலிக்குதுன்னா மாத்திரை குடுப்பீங்க. அம்மா அழுவாங்க.”

பரிமளம் பொட்டலத்தைப் பிரிக்காமலே வாங்கித் தட்டில் வைத்தாள். “போதுங்க. ஆத்தா சொல்லிட்டா.”

கடைத் தொலைபேசியில் பரிமளம் நடந்ததைச் சொன்னதும் டாக்டர் முதலில் நன்றாக ஏசினார். பிறகு, “பூவையும் கேளுங்கோ. அதுக்கு முன்னம் என்னையும் ஒருக்கால் கேளுங்கோ,” என்றார். “நாளைக்கே கூட்டிக்கொண்டு வாங்கோ. இரத்தம் பாத்திட்டுத் திரும்பத் தொடங்குவம். நான் பாத்துக்கொண்டே இருப்பன், அம்மா.”

பயம் முழுதாகப் போய்விடவில்லை. இரத்தப் பரிசோதனைக்குக் கண்டிக்குப் போகும் ரயிலில் அதுவும் அவர்களோடு உட்கார்ந்து வந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை மாத்திரை ஒன்றுகூடத் தவறவில்லை.

அன்றிலிருந்து சண்முகராஜா, மகள் கைபட்டாலே அவிழும்படி எல்லாப் பொட்டலங்களையும் தளர்வாகவே கட்டினார். தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து வரும் நாகலெட்சுமி சண்டைக்கு வந்தாள். “மொதலாளி, கடையிலருந்து லயம் வரைக்கும் எறும்புக்குச் சீனி போட்டுக்கிட்டே போயிருக்கேன்!” அவர் மறுபடி அளந்து, மறுபடியும் தளர்வாகக் கட்டிக்கொடுத்தார்.

பங்குனியில் ஒருநாள் நிலக்ஷி கல்லாப் பக்கம் வந்து, ஒரு பொட்டலத்தைச் சுண்டுவிரலால் அவிழ்த்தாள்.

“என்னப்பா இது, கட்டத் தெரியாதவங்க மாதிரி? இறுக்கிக் கட்டுங்க.”

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார். அவள் அதை அவிழ்த்து முடிக்கும்வரை, சீனி வாங்க வந்திருந்த நாகலெட்சுமி அவசரப்படுத்தாமல் நின்றாள்.