சிலுவைமுத்துவின் சோப்பு டப்பா

மூன்றாவது டிராயரையும் தரையில் கவிழ்த்துப் பார்த்துவிட்டாள் மலர்விழி. ஸ்க்ரூ, வயர்த் துண்டு, கருகிய பல்பு, ஈயக் கம்பிச் சுருள், அப்பா தொலைத்துவிட்டதாகத் தேடிக்கொண்டிருந்த பழைய மூக்குக்கண்ணாடி எல்லாம் வந்து விழுந்தன. நீல நிறச் சோப்பு டப்பா மட்டும் இல்லை.

மணி பத்தைத் தாண்டிவிட்டது. பதினோரு மணிக்கு அப்பாவின் உடலை மாதா கோயிலுக்கு எடுக்க வேண்டும். பெற்ற மகள் தலைமாட்டில் உட்கார்ந்து அழாமல், அப்பாவின் பழனி ரோட்டு ஷெட்டைத் திறந்து குடைந்துகொண்டிருந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். பேசிவிட்டுப் போகட்டும்.

"கெடச்சுதாம்மா?" ஷட்டருக்கு வெளியே நின்றபடி கேட்டார் நூர் அகமது. தோல் ஏற்றும் லாரிகள் இரண்டு வைத்திருப்பவர். அந்த லாரிகளுக்கு இருபது வருஷமாக வயரிங் வேலை பார்த்தவர் அவள் அப்பா சிலுவைமுத்து. அதில் வந்த சிநேகம்.

"இல்ல மாமா. வீட்டுலயும் பாத்துட்டேன்."

"நல்லாத் தேடு தாயி. வியாழக்கெழம அந்த லைட்டுக் கம்பெனி இஞ்சினியரு கோயமுத்தூர்லேர்ந்து வாரான். ஆளு மவுத்தாயிட்டாருன்னு நேத்தே போன்ல சொல்லிட்டேன். 'கருவி இருக்குல்ல, ஓட்டிப் பாப்போம், சரியா இருந்தா அவரு பேர்லயே பதிஞ்சிருவோம்'ங்கிறான். இம்புட்டு எறங்கி வாரவன்கிட்ட என்னத்தக் காட்டுறது? பன்னெண்டு வருசம் ஒரு மனுசன் பாடுபட்டான்னு வாயால சொன்னா எவன் நம்புவான்?"

பன்னிரண்டு வருஷம். அப்பாவுக்கு இருந்தது ஒரே ஒரு கேள்விதான். பிரேக்கை லேசாகத் தொட்டாலும், உயிர்போகிற மாதிரி மிதித்தாலும், வண்டியின் பின்விளக்கு ஒரே மாதிரிதானே எரிகிறது? பின்னால் வருகிறவன் எதைப் பார்த்து எதைத் தெரிந்துகொள்வான்? மெதுவாக மிதித்தால் விளக்கு நிதானமாக எரிய வேண்டும். அடித்து மிதித்தால் படபடவென்று மின்ன வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை.

முதலில் செய்ததை மச்சினன் பிராங்க்ளினின் வேனில் மாட்டினார். நிலக்கோட்டையிலிருந்து மல்லிகைப்பூ ஏற்றிவரும் வேன். மூன்றாம் நாளே பிராங்க்ளின் வந்து நின்றான். "மச்சான், பள்ளத்துல எறங்குனாலும் மின்னுது, வேகத்தடைல ஏறுனாலும் மின்னுது. பின்னாடி வந்த பஸ்காரன் எட்டி வந்து, 'எவளுக்குடா கண்ணடிக்கிற'ங்கிறான். கழட்டிருங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

குலுங்குவது எது, பிரேக் எது என்று பிரித்துச் சொல்ல ஒரு மூளை வேண்டும் என்று அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது. மதுரையிலிருந்து பிராசஸர் வாங்கி வந்தார். கறுப்பாக, ஒட்டடை படிந்த பூரான் மாதிரி, பக்கத்துக்கு இருபதாக நாற்பது கால். அதற்கு என்ன சொல்லித்தர வேண்டும் என்பதை அவர் நோட்டில் எழுதுவார். மலர்விழி அதை வேடசந்தூரில் தான் வேலை பார்க்கும் மில் கம்ப்யூட்டரில், ஷிப்ட் முடிந்த பிறகு உட்கார்ந்து அடிப்பாள். மதுரைக்குக் கொண்டுபோய் பிராசஸருக்குள் ஏற்றிவருவார்கள். பத்துத் தடவை தோற்று, பதினோராவது தடவை ஜெயித்தது. பள்ளத்தில் விழுந்தால் சும்மா இருந்தது. பிரேக் அடித்தால் மின்னியது. எல்லாவற்றையும் நீல நிறச் சோப்பு டப்பாவுக்குள் அடைத்து, காலை முதல் இரவு வரை அதைச் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு அலைந்தார் சிலுவைமுத்து. ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்று, சிவப்புப் பொட்டு விளக்கு இரண்டு, அசைவை அளக்கும் வில்லை ஒன்று, நடுவில் பூரான்.

அதற்குள் ரெண்டாயிரம் பிறந்தால் பழைய கம்ப்யூட்டர் எல்லாம் குழம்பிப்போகும் என்று பயந்து, டிசம்பரில் மில்லில் எல்லாவற்றையும் தூக்கிக் காயலான் கடைக்குப் போட்டார்கள். எழுதியது எல்லாம் அதோடு போயிற்று. பிளாப்பியில் எடுத்து வைத்திருந்ததில் பூசணம். நோட்டில் இருந்தது முதல் கணக்குதான்; திருத்தமெல்லாம் கம்ப்யூட்டரிலேயே போட்டது. "பூரானுக்குள்ள இருக்குல்ல, மதுரைக்குப் போயி திரும்ப எடுத்துக்கலாம், விடு புள்ள" என்றார் அப்பா. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று பிப்ரவரி வந்துவிட்டது. நேற்றுக் காலையில் இதே ஷெட்டில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலிலிருந்து சரிந்தார். ஆஸ்பத்திரி வாசலைக்கூடப் பார்க்கவில்லை.

ஆகவே, அந்த டப்பா போனால் அப்பாவின் பன்னிரண்டு வருஷமும் போயிற்று. ஷட்டரை இழுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள் மலர்விழி.

அவள் போய்ச் சேருவதற்குள் எடுத்துவிட்டார்கள். கோயிலின் தள்ளுவண்டியில் சவப்பெட்டியை வைத்து, மூடியைத் தனியாக ஒருவர் தூக்கிக்கொள்ள, கூட்டம் தெருவில் இறங்கியிருந்தது. பிராங்க்ளின் வண்டியின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தான். வண்டியின் பக்கவாட்டில் கையை வைத்தபடி அம்மா சவேரியம்மாள். மலர்விழி ஓடிப்போய் மறுபக்கம் சேர்ந்துகொண்டாள். அப்பாவின் கழுத்து வரை மல்லிகை; பிராங்க்ளினின் வேனில் அன்றைக்கு மார்க்கெட்டுக்குப் போகாமல் நின்ற லோடு.

சந்து முனையில் ஒரு மொபெட் சீறிக்கொண்டு குறுக்கே பாய்ந்தது. பிராங்க்ளின் இரண்டு காலையும் ஊன்றி வண்டியைப் பிடித்து நிறுத்தினான். "ஏலே! கண்ணு என்ன பொடணிலயா இருக்கு? பொணம் வாரது தெரியல?"

எல்லோரும் மொபெட்காரனைப் பார்த்தார்கள். மலர்விழி மட்டும் பூக்குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் கோத்த கைகளுக்கு அடியில், வெள்ளைப் பூக்களுக்குள், சிவப்பு படபடவென்று துடித்தது. மூன்று எண்ணுவதற்குள் நின்றும்விட்டது.

வண்டி மறுபடி நகர்ந்தது. சாக்கடைப் பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியபோது பூக்கள் குலுங்கினவே தவிர, சிவப்பு வரவில்லை. பள்ளத்தையும் பிரேக்கையும் அது சரியாகத்தான் பிரித்தது.

கோயிலில் பூசை தொடங்கியதும் அம்மாவின் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள். "அம்மா, அப்பா கைக்கு அடியில..."

"நாந்தான் வச்சேன்." சவேரியம்மாள் பீடத்தைப் பார்த்தபடியே முணுமுணுத்தாள். "நீ இல்லாதப்ப வச்சேன்."

"எதுக்கும்மா?"

"செத்தவுக பெட்டிக்குள்ள கூட்டாளி பீடி வச்சு அனுப்புறான். பூசாப் புத்தகம் வச்சு அனுப்புறாக. இவருக்கு எதடி வைக்க? பன்னெண்டு வருசமா அதத் திட்டுனேன். பூரான வச்சுக் குடும்பம் நடத்துறியான்னு கேட்டேன். கிறிஸ்மஸ் அன்னைக்கு ஆத்திரத்துல புடுங்கி வாசல்ல வீசுனேன். ஒனக்குத் தெரியாது. ஒரு வார்த்த சொல்லலடி அந்த மனுசன். குனிஞ்சு எடுத்து, சட்டையில தொடச்சு, பைக்குள்ள போட்டுக்கிட்டு, 'இட்லிக்குச் சட்னி இருக்கா'ன்னாரு."

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"கடைசியா ஒரு தடவையாச்சும் என் கையால எடுத்து அவரு கையில குடுக்கணும்ல?"

முன்வரிசையிலிருந்து ஓர் அத்தை திரும்பிப் பார்த்தாள். இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். பங்குச் சாமியார் பிரசங்கத்தில், சிலுவைமுத்து நேர்மையாக உழைத்தார் என்றார். என்ன உழைத்தார் என்பது அவருக்குத் தெரியாது. வாசல் தூணருகே செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார் நூர் அகமது. இவள் திரும்பியபோது புருவத்தை உயர்த்திக் கேட்டார். இவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

எடுத்துவிடு அம்மா என்று எப்படிச் சொல்வது? பன்னிரண்டு வருஷத்தில் அம்மா அப்பாவுக்குத் தன் கையால் கொடுத்த ஒன்றைத் திரும்பப் பிடுங்கு என்று சொல்வதா? சொல்லாமல் இருந்தால்? இன்னும் ஒரு மணி நேரத்தில் ஆறடி மண்ணுக்குக் கீழே போய்விடும். அப்பாவின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இருக்காது.

பூசை முடிந்தது. பெட்டியைக் கோயில் முகப்புக்குக் கொண்டுவந்தார்கள். கல்லறைத் தோட்டம் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம்; பிராங்க்ளினின் வேனில் ஏற்ற வேண்டும். இங்கேயே மூடிவிடுவார்கள்.

"கடைசி முத்தம் குடுக்குறவுக குடுங்கப்பா. பொழுது போகுதுல்ல?" என்றார் பெட்டி மூடியைத் தூக்கி வந்தவர்.

சவேரியம்மாள் நெற்றியில் முத்தமிட்டாள். கூட்டம் அவளைப் பிடித்து நகர்த்தியது. மலர்விழி தலையிலிருந்த முக்காட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு, கொண்டையிலிருந்து ஊசியை உருவி, அப்பாவின் மார்பின் மேல் விழுந்தாள்.

சேலை திரைபோல் கவிழ்ந்தது. பூக்களுக்குள் கை நுழைந்தது. அப்பாவின் விரல்கள் சில்லென்று, கட்டைபோல் இருந்தன. ஜெபமாலை சுற்றிய அந்த விரல்களுக்குக் கீழே டப்பாவின் விளிம்பு தட்டுப்பட்டது. மூடியை நகத்தால் நெம்பினாள். ஊசியின் முனை பூரானின் வயிற்றுக்கடியில் போயிற்று. அப்பா செய்வாரே, முதலில் இந்த முனை, பிறகு அந்த முனை, அவசரப்பட்டால் கால் முறிந்துபோகும். அழுவதாக நடிக்கத்தான் ஆரம்பித்தாள். எந்த இடத்தில் நடிப்பு நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. உடம்பு குலுங்கிற்று. கை மட்டும் குலுங்காமல் வேலையைச் செய்தது.

"போதும் புள்ள, எந்திரி. அவரு நிம்மதியாப் போகட்டும்." அத்தை தோளைப் பிடித்து இழுத்தாள்.

"செத்த நேரம் அத்தை. செத்த நேரம்."

பூரான் கையோடு வந்தது. மூடியை அழுத்திவிட்டு, பூவை இழுத்துவிட்டு, அப்பாவின் கன்னத்தில் முத்தமிட்டு எழுந்தாள். வலது கை முஷ்டியாக மூடியிருந்தது. சவப்பெட்டியின் மூடியை வைத்து ஆணி அடித்தார்கள்.

வேனில் பெட்டிக்கு ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் மகள். மணிக்கூண்டுப் பக்கம் நெரிசல், ரயில்வே கேட், மாட்டுவண்டி, ரோட்டைக் கடக்கும் மில் பெண்கள். மச்சானை இப்படிக் கொண்டுபோகும்படி ஆயிற்றே என்ற துக்கத்தில் பிராங்க்ளினுக்குக் கண் மறைத்தது. கிட்டத்தில் போய்க் கிட்டத்தில் போய் பிரேக் அடித்தான். ஒவ்வொரு தடவையும் இருவரும் முன்னால் சாய்ந்து நிமிர்ந்தார்கள். அம்மா இரண்டு கையாலும் பெட்டியின் மேல்பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மகள் முஷ்டியைத் திறக்கவே இல்லை. பூரானின் கால்கள் உள்ளங்கையில் இறங்கிக்கொண்டிருந்தன.

குழிக்கரையில் மண் போடச் சொன்னபோது இடது கையால் அள்ளினாள்.

"என்ன புள்ள, பழக்கம் தெரியாதவளாட்டம்! சோத்துக்கையால போடு" என்றாள் அத்தை.

சேலை மடிப்புக்குள் பூரானை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் மண் எடுத்துப் போட்டாள். கையில் ஒட்டிய மண்ணில் லேசாகச் சிவப்பு கலந்திருந்தது. யாரும் பார்க்கவில்லை. கேட்டருகே நின்ற நூர் அகமதிடம் போய், "வியாழக்கெழம வரச் சொல்லுங்க மாமா. வேற டப்பா செஞ்சு வச்சிருவேன்" என்றாள். அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அவள் கையைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவி மறுபடி மாட்டிக்கொண்டார்.

வீடு திரும்பித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டபோது மணி நாலு. பூரானைப் பஞ்சில் சுற்றி, பீரோவில் தன் மில் அடையாள அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினாள் மலர்விழி. துக்க வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. அடுத்த வீட்டுச் சிவனம்மாள் ஒரு தூக்குச்சட்டி நிறைய ரசம் சோறு பிசைந்து கொண்டுவந்தாள்.

"ரெண்டு பேரும் நேத்துலேருந்து பச்சத்தண்ணிகூடக் குடிக்கல. ரெண்டு வாயாச்சும் தின்னுங்க. யக்கா, காலைல நீ வாங்கியாரச் சொன்ன பேட்டரி சரியா இருந்துச்சா? கடைக்காரன் பெருசா சின்னதான்னு என்னயப் போட்டுக் கொடஞ்செடுத்துட்டான்."

"சரியா இருந்துச்சு" என்றாள் சவேரியம்மாள்.

சிவனம்மாள் போனபிறகு, சவேரியம்மாள் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு சோற்றை உருட்டத் தொடங்கினாள்.

"மலரு."

"என்னம்மா?"

"பழைய பேட்டரில மின்னாமப் போயிருச்சுன்னா என்ன பண்றதுன்னுதான் புதுசு போட்டேன்." உருண்டையை உருட்டிக்கொண்டே இருந்தாள். "பிராங்க்ளின் பய ஒம்போது தடவ பிரேக்கு போட்டான்டி. எண்ணிக்கிட்டே வந்தேன். ரயில்வே கேட்டுக்கிட்ட மட்டும் ரெண்டு தடவ. மூடி போட்டதால வெளிய தெரியல. உள்ள ஒம்போது தடவயும் மின்னிருக்கும்ல?"

வெளியே பந்தல் கழிகளை அவிழ்த்துத் தெருவில் போடும் சத்தம் கேட்டது.

"மின்னிருக்கும்மா."

"அவருக்குத் தெரிஞ்சிருக்கும்ல? நாந்தான் வச்சேன்னு."

"ம்."

சவேரியம்மாள் தலையாட்டினாள். அவள் முகத்தில் நேற்றுக் காலையிலிருந்து முதல் தடவையாக ஏதோ ஒன்று தளர்ந்தது. "கைய நீட்டு."

மலர்விழி வலது கையை நீட்டினாள். உள்ளங்கையில் இரண்டு வரிசையாகக் கன்றிச் சிவந்த புள்ளிகள், சில புள்ளிகளில் இன்னும் ஈரம். சவேரியம்மாள் சோற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சூடான உருண்டையை அந்தப் புள்ளிகளின் மேல் வைத்தாள். மிளகும் உப்பும் சுரீரென்று உள்ளே இறங்கின.

"காரமா இருக்கா?"

"இல்லம்மா."

அடுத்த உருண்டைக்கும் அதே கையை நீட்டினாள்.