ஒரு லேபிள் குறைந்தது

அலுவலகத்தில் எல்லோரும் அவளுக்குப் ‘பூதம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேராக யாரும் சொல்வதில்லை. ஆனாலும் அவள் காதுக்கு எட்டியிருந்தது. மூன்றாம் மாடிக் குளிர் அறையில் இருந்த பழைய மெயின்பிரேம் கம்ப்யூட்டரை, புதையலைக் காக்கிற பூதம் மாதிரிப் பதினோரு வருஷமாகக் காத்துக்கொண்டிருந்ததால் வந்த பெயர். வீட்டில் தங்கையிடம் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டாள். தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே தங்கை, “விடுக்கா. பூதத்துக்கு வயசே ஆகாதாம்,” என்றாள். அதோடு அந்தக் குறை தீர்ந்துபோயிற்று.

அது பார்வையற்றவர்களுக்கான ஒலி நூலகம். புத்தகங்களை யாராவது படித்துப் பதிவு செய்வார்கள். அது சிடியாகித் தபாலில் வாசகர் வீட்டுக்குப் போகும். கேட்டு முடித்ததும் திரும்பி வரும். யாருக்கு எந்தப் புத்தகம் போயிருக்கிறது, அடுத்து எது போகவேண்டும் என்பதெல்லாம் அந்தப் பழைய மெஷினின் டேட்டாபேஸில் இருந்தது. திங்கள்கிழமை காலையில் அது ஆறாயிரத்துச் சொச்சம் முகவரி லேபிள்களை அடித்துத் தள்ளும். அவை அடித்தளத்தில் இருக்கும் பார்சல் அறைக்குப் போகும்.

அவளுடைய வேலை வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு வேலையாகவே தெரியாது. அடியில் ஓடுகிற மென்பொருளுக்கு நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை புது வெர்ஷன் வரும். மேலே தகவல் பெருகிக்கொண்டே போகும்: முன்பு செல்போன் எண்ணுக்கு இடம் கிடையாது, இப்போது ஒருவருக்கு இரண்டு எண். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட இருநூற்றுப் பதினாலு புரோகிராம்களும் நேற்றுக் கொடுத்த விடையையே இன்றும் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் ஒருவரும் அவளைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பார்த்தால்தான் வம்பு.

அந்த வருஷம் புது வெர்ஷனுக்கு மாற வேண்டி வந்தது. பழைய ரெக்கார்டுகளையெல்லாம் புது அமைப்புக்குக் கொண்டுபோகிற புரோகிராமை அவள்தான் எழுதினாள். மாறுவதற்கு இரண்டு நாள் முன்னால், ஒரே திங்கள்கிழமைத் தகவலைப் பழையதிலும் புதியதிலும் ஓட்டிப் பார்த்தாள். பழையதில் ஆறாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு லேபிள். புதியதில் ஆறாயிரத்து இருநூற்றுப் பதினொன்று.

மேலாளரிடம் போய்ச் சொன்னாள். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் அன்றைக்குக் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

“ஆறாயிரத்துல ஒன்னு. யாராவது செத்துப்போயிருப்பாங்கம்மா.”

“செத்துப்போனவங்க பழசுலயும் செத்துப்போயிருக்கணுமே சார்.”

“இப்ப எங்கூட வாதாடாதம்மா. சனிக்கிழமைக்குள்ள மாறலேன்னா சாப்ட்வேர் கம்பெனிக்காரன் கைய விரிச்சிடுவான். எல்லாம் சரியா இருக்குன்னு கையெழுத்தப் போடு. அப்புறம் பாத்துக்கலாம்.”

போட்டாள். பேனாவை மூடும்போதே மனசு ஒருமாதிரி இருந்தது.

மாற்றம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் அதற்குப் பிறகு மூன்று வாரம் அவளுக்கு மூச்சுவிட நேரமில்லை. ஒரு புரோகிராம் ஆமை வேகத்தில் நகர்ந்தது. இன்னொன்று பெயர்களை அகர வரிசையில் கொடுக்காமல் இஷ்டத்துக்குக் கொடுத்தது. ஒவ்வொன்றாகத் தட்டிக்கொட்டிச் சரிசெய்தாள். அதற்கிடையில் அந்த ஒரு லேபிள் கண்ணில் விழுந்த தூசி மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் நினைவுக்கு வரும். எங்கேயோ ஒருவர் தபால்காரருக்காகக் காத்துக்கொண்டிருப்பார் என்று தோன்றும்.

நாலாவது திங்கள்கிழமை காலையில் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. இரண்டு பட்டியலையும் வரிக்கு வரி ஒப்பிட்டாள். அரை மணியில் ஆள் அகப்பட்டார். வாசகர் எண் 2208. பழைய பட்டியலில் அவருக்கு ஒரே புத்தகத்துக்கு இரண்டு லேபிள், புதியதில் ஒன்று.

முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. யாருக்கும் எதுவும் நின்றுபோகவில்லை; பழையதில் ஏதோ தப்பாக இரட்டிப்பாகியிருக்கிறது, புதுசு அதைத் திருத்தியிருக்கிறது. கோப்பை மூடிவிடலாம். ஆனால் மூடவில்லை. ஆறாயிரம் பேரில் ஒருத்தர்மேல் மட்டும் மெஷினுக்குத் தனிப் பிரியம் வராது. பிரியம் என்றால் அது மனுஷன் வேலை.

பழைய புரோகிராமைத் திறந்தாள். நாலாயிரம் வரிக்கு நடுவில், ஒரு விளக்கமும் இல்லாமல் அது உட்கார்ந்திருந்தது: ரெக்கார்டின் கடைசி இடத்தில் ‘2’ என்று இருந்தால் லேபிளை இன்னொரு தடவை அடி. அந்தக் கடைசி இடத்துக்கு அமைப்பில் பெயரே கிடையாது. ‘காலி’ என்று மட்டும் குறித்திருந்தது. அவள் பெயருள்ள இடங்களை மட்டும் புதுசுக்குக் கொண்டுபோயிருந்தாள். காலியைக் கொண்டுபோக யாருக்குத் தோன்றும்? யாரோ ஒருத்தர் வேண்டுமென்றே வைத்த ஒரு எழுத்தை அவள் குப்பையோடு குப்பையாகக் கொட்டிவிட்டிருந்தாள்.

நாக்கைக் கடித்துக்கொண்டாள். பட்டியலை எடுத்துக்கொண்டு அடித்தளத்துக்கு இறங்கினாள்.

பதினோரு வருஷத்தில் அவள் பார்சல் அறைக்குள் போனதில்லை. திங்கள்கிழமை தோறும் போன் செய்வாள். “லேபிள் வந்துடுச்சா?” “வந்துடுச்சு மேடம்.” அவ்வளவுதான் பேச்சு. இப்போதுதான் அந்தக் குரலுக்கு ஒரு முகம் கிடைத்தது. ஐம்பதைத் தாண்டியவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒட்டும் டேப் சுருளை வளையல் மாதிரி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். சுவரோரமாகச் சிடிப் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன.

“நான் மூணாவது மாடி,” என்றாள்.

“குரல்லயே தெரியுது மேடம்,” என்று அவர் அவசரமாக எழுந்தார். எழுந்தவர், பரீட்சையில் பார்த்து எழுதுகிற பையன் மாதிரி, எழுதிக்கொண்டிருந்த தாளைக் கையால் மறைத்தார். மறைத்ததற்கு மேலேயே எண் தெரிந்தது. 2208.

அவள் அந்தக் கையையே பார்த்தாள். பார்சல்காரர் கையை எடுத்தார்.

“இத நிறுத்திடாதீங்க மேடம்,” என்றார். “போன மாசம் திடீர்னு ஒரு லேபிள்தான் வந்தது. மொத வாரம் நானும் கவனிக்காம விட்டுட்டேன். அடுத்த வாரம் பாத்தப்பதான் உறைச்சது. மேல ஏதோ சட்டம் மாத்திட்டாங்க போலன்னு நெனச்சேன். கேட்டா ‘கூடாது’ன்னுடுவாங்க. அதான் கேக்கல. கையால எழுதி ஒட்டி அனுப்பிட்டிருக்கேன்.”

“சட்டமெல்லாம் மாத்தல. என்னோட தப்பு,” என்றாள் அவள். பிறகு, “யாரு இவங்க? எதுக்கு ரெண்டு?” என்று கேட்டாள்.

பார்சல்காரர் ஒரு ஸ்டூலைத் துடைத்து அவளுக்குப் போட்டார். “புருஷன் பொண்டாட்டி. ரெண்டு பேருக்குமே பார்வை இல்ல. பத்தொன்பது வருஷம் முன்னாடி அந்தம்மா போன் பண்ணி, ஆளுக்கு ஒன்னு வேணும்னு கேட்டாங்க. வீட்டுக்கு ஒரு பிரதிதான்னு விதி. அப்பல்லாம் கேசட்டு, எண்ணிச் சுட்ட மாதிரி இருக்கும். நான் மேல இருந்த சார்கிட்ட போய் நின்னேன். உங்களுக்கு முன்னாடி இருந்தாரே, அவரு. தலையச் சொறிஞ்சுட்டு, ‘விதில இடமில்லப்பா, ஆனா ரெக்கார்டுல ஒரு எழுத்துக்கு இடம் இருக்கு’ன்னாரு.”

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு கண்ணும் கலங்கியது. அவர் டேப் சுருளைக் கழற்றித் திரும்ப மாட்டிக்கொண்டார்.

“அவங்ககிட்ட இப்பவே பேசிடலாமா?” என்றாள். மேஜைமேல் இருந்த போனை அவர் அவள் பக்கம் நகர்த்தி, ஒலிபெருக்கிப் பொத்தானை அமுக்கினார்.

எடுத்தது அந்த அம்மாள்தான். அவள் விஷயத்தைச் சொல்லி, நடுவில் ஒரு வாரம் ஒரு பிரதிதான் வந்திருக்கும், அது தன் தவறு, மன்னிக்கவேண்டும் என்றாள்.

“அட, அந்த வாரமா!” என்றார் அம்மாள். “அன்னிக்கு எங்க வீட்டுல ஒரே சண்டை.”

“சண்டை இல்ல, பேச்சுவார்த்தை,” என்று பின்னாலிருந்து ஆண்குரல் வந்தது.

“நீங்க சும்மா இருங்க. இவரு ஓடற ஓட்டத்துல கதை கேப்பாரும்மா. வேகத்த ஏத்திவிட்டு, எல்லாரும் பஸ்ஸப் புடிக்க ஓடிக்கிட்டே பேசற மாதிரி. நான் நிதானம். ஒரு அத்தியாயம் கேட்டா நாளெல்லாம் அதையே மென்னுட்டிருப்பேன். அதான் ஆளுக்கு ஒன்னு, ஆளுக்கு ஒரு ரூம். அந்த வாரம் வேற வழியில்ல, ஒரே சிடி. சாதா வேகத்துல போட்டு, ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்தோம். மொத நாள் இவருக்கு இருப்பே கொள்ளல. கால ஆட்டறாரு, சொடக்கு எடுக்கறாரு. மூணாவது நாள் கதைல ஒரு சோகமான எடம். எனக்கு அழுகை வந்துடுச்சு. சத்தமே போடல. இவரு எப்படியோ கையத் துழாவிட்டு வந்து என் கன்னத்தத் தொட்டாரு. பத்தொன்பது வருஷமா நான் எந்த எடத்துல அழுவேன்னு இவருக்குத் தெரியாதும்மா. அதுக்குள்ள இவரு எங்கேயோ தாண்டிப் போயிருப்பாரு.”

பார்சல்காரர் சுவரோரம் போய் எதையோ தேடினார். தேட வேண்டியது ஒன்றும் அங்கே இல்லை.

“அப்படின்னா இனிமே ஒன்னு போதுமாம்மா?” என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

“ரெண்டு வேணும்,” என்றார் அம்மாள். அதே மூச்சில், “ஒன்னு போதும்,” என்றது ஆண்குரல்.

இரண்டு முனையிலும் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அந்த வீட்டில் போனைக் கையால் பொத்திக்கொண்டு ஒரு ஆலோசனை நடந்தது. முடிந்ததும் அம்மாள் வந்தார்.

“இதக் கேளும்மா. துப்பறியும் கதைன்னா ஒன்னே அனுப்பு. ரெண்டு இருந்தா இவரு முந்தி முடிச்சுட்டு, கொலைகாரன் பேரு வர்றப்பல்லாம் தொண்டையக் கனைப்பாரு, எனக்குப் பாதியிலயே தெரிஞ்சுபோயிடும். குடும்பக் கதையும் ஒன்னு போதும். சரித்திரக் கதைன்னா ரெண்டு. போர் முடியறதுக்குள்ள எனக்குப் பொறுமை போயிடும், இவரு மட்டும் கேக்கட்டும், நான் நடுவுல நடுவுல கேட்டுக்கறேன். இப்படிப் புஸ்தகத்துக்குப் புஸ்தகம் மாத்த முடியுமா உன்னால?”

“முடியும்மா,” என்றாள் அவள். எப்படி என்று அந்த நிமிஷம் அவளுக்குத் தெரியாது.

மாடி ஏறும்போது தெரிந்தது. வாசகருடைய ரெக்கார்டில் ஒரு எழுத்தை ஒளித்துவைப்பதால் ஆகாது. அவர்கள் கேட்கிற ஒவ்வொரு புத்தகத்துக்கும் நேராக, ‘எத்தனை பிரதி’ என்று பெயர் வைத்து, வெளிச்சத்தில் ஒரு கட்டம் வேண்டும். அடுத்த வெர்ஷன் வரும்போது, தான் இல்லாமல் வேறு யார் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாலும், அந்தக் கட்டம் தொலைந்துபோகக் கூடாது.

மறுநாள் மேலாளரிடம் ஒரு கடிதம் கொடுத்தாள். சோதனை சரியாக இருந்ததாகத் தான் போட்ட கையெழுத்து தவறு, ஒரு லேபிள் குறைந்தது, காரணம் இது, திருத்தம் இது என்று ஒரு பக்கத்தில் எழுதியிருந்தாள். அவர் இரண்டு தரம் படித்தார்.

“இதக் கோப்புல போட்டா, உன் கையெழுத்துக்குக் கீழ நான் போட்டதும் மாட்டிக்குமே.”

“தெரியும் சார்.”

“ஒரே ஒரு வீட்டுக்காகப் புதுக் கட்டமா?”

“ஒரு வீடுதான் கேட்டிருக்கு சார். மத்தவங்களுக்குக் கேக்கலாம்னே தெரியாது. சிடி இப்ப நம்ம மெஷின்லயே எவ்வளவு வேணும்னாலும் அடிக்கிறோம். அந்த விதி கேசட்டுக் காலத்து விதி.”

மேலாளர் கடிதத்தை மடித்தார், திரும்பவும் பிரித்தார். “எத்தன நாளாகும்?”

“எழுத ரெண்டு நாள். சோதிக்க ஒரு வாரம்.”

“ஒரு வாரம் எடுத்துக்கோ. இந்தத் தடவ உன்ன நான் அவசரப்படுத்தல.” கடிதத்தின் அடியில் அவரும் கையெழுத்துப் போட்டார்.

எழுதியதைவிடச் சோதித்ததுதான் பெரிய வேலை. அந்தக் கட்டத்தைத் தொடுகிற முப்பத்தாறு புரோகிராம்களையும் ஒவ்வொன்றாகப் பழையதோடு ஒப்பிட்டாள். ஒன்று குறைந்தாலும் ஒன்று கூடினாலும் விடவில்லை. ஒன்பதாவது நாள் எண்ணிக்கை நூல் பிடித்த மாதிரிச் சேர்ந்தது. அடுத்த வாரச் சிடிகளின் தொடக்கத்தில், வீட்டில் இன்னொருவருக்கும் பிரதி வேண்டுமானால் கேட்கலாம் என்று ஒரு அறிவிப்பைச் சேர்த்தார்கள்.

ஒரே மாதத்தில் நானூற்றுப் பன்னிரண்டு வீட்டிலிருந்து போன் வந்தது. அக்கா தங்கை, அப்பா மகள், ஒரு மாமியார் மருமகள்கூட. அந்த மருமகள், “ஒரே சிடிய வெச்சுக்கிட்டு இத்தன வருஷம் நாங்க பேசிக்கிட்டிருந்ததே பெரிய விஷயம்,” என்றாளாம்.

பார்சல்காரர் போனில் முறையிட்டார். “மேடம், ஒரு எழுத்தத் தொலைச்சது நீங்க. நானூறு கட்டு சுமக்கிறது நானா?”

“இதோ வர்றேன்,” என்றாள்.

அதிலிருந்து திங்கள்கிழமைகளில் பகல் ஒரு மணிவரை அவள் அடித்தளத்தில் லேபிள் ஒட்டினாள். அவர் பெட்டியை நீட்டுவார், அவள் ஒட்டுவாள். அவள் ஒட்டுகிற லேபிள் கோணலாகப் போகும். அவர் அதை நகத்தால் நீவிவிடுவார். வீட்டில் தங்கை, “ஏன்க்கா, மாடியில இருக்கற வேலைக்கு அடித்தளத்துல என்ன சோலி?” என்று கேட்டாள். “பார்சல்,” என்றாள் அவள். “சரி, பார்சல்தான்,” என்று தங்கை நூலைப் பல்லால் கடித்தாள்.

ஒரு திங்கள்கிழமை வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்: “இருபது வருஷத்துக்கு மேல அனுப்பறீங்களே, இதுல ஒன்னாவது கேட்டிருக்கீங்களா?”

“இல்ல மேடம். நமக்குத்தான் கண்ணு இருக்கேன்னு தோணும். நீங்க?”

“நானும் இல்ல.”

அவர் திரும்பி வந்த பெட்டிகளில் கைக்கு எட்டியதை எடுத்து, மூலையில் இருந்த பழைய பிளேயரில் போட்டார். பெண் ஒருத்தி முதல் வரியைப் படித்தாள். வேகம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது போல அவளுக்குப் பட்டது.

“கொஞ்சம் மெதுவா வைக்கலாமா?” என்றாள்.

பார்சல்காரர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, சரியான பொத்தானைத் தேடினார்.