இருநூற்றுப் பன்னிரண்டு பச்சை

துணி துவைக்கும் மெஷினுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவே போட்ட மேசைதான் அந்த லைப்ரரியின் உலகத் தலைமையகம். மொத்த ஊழியர்கள் ஒருவர்: அண்ணி. பகலில் ஒரு பஸ் கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறவள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சொந்த உபயோகத்துக்காக, புத்தகமே இல்லாத இந்த லைப்ரரியை, அதாவது மற்ற புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஒரு தயார் புரோகிராம் தொகுப்பை, எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், திட்டலாம் என்று இணையத்தில் திறந்து வைத்துவிட்டாள். மூன்றாவது உரிமையைத்தான் ஜனங்கள் அதிகம் பயன்படுத்தினார்கள்.

வேலை எளிமையானது. தகவல்களைச் சேர்த்து வைக்கும் டேட்டாபேஸோடு பேசும் புரோகிராம்களைச் சோதித்துப் பார்க்க வேண்டுமல்லவா? ஒவ்வொரு சோதனைக்கும் இந்த லைப்ரரி ஒரு சுத்தமான டேட்டாபேஸைக் கையில் கொடுக்கும். சோதனை அதில் எழுதி, அழித்து, என்ன கூத்து வேண்டுமானாலும் அடிக்கலாம். முடிந்ததும் ஒன்றுமே நடக்காதது போலத் துடைத்து வைத்துவிடும். சோதனை தேறினால் திரையில் பச்சை, தேறாவிட்டால் சிவப்பு.

மாடியில் குடியிருந்த கொழுந்தன் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தான். அங்கே ஆரம்பம் முதல் இதுதான். "அண்ணி லைப்ரரி" என்றே பெயர். உலகத்தில் எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்று இணையம் ஓர் எண்ணைக் காட்டும். அந்த எண்ணோடு சேர்ந்து காபி குடிக்க முடியாது. நிஜமாக யாரோ பயன்படுத்துகிறார்கள் என்று அண்ணி கண்ணால் கண்ட ஒரே இடம் அந்தக் கூடம்தான். அதுதான் இப்போது கைநழுவப் பார்த்தது.

கூடத்துப் புரோகிராம்களையெல்லாம் ஏசிங்க் முறைக்கு மாற்றிவிட்டார்கள். பழைய முறையில் புரோகிராம் டேட்டாபேஸிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். புது முறையில் டோக்கன் வாங்கிக்கொண்டு வேறு வேலை பார்க்கப் போகும். பதில் வேண்டிய இடத்தில் மட்டும் "காத்திரு" என்று எழுதிவைக்க வேண்டும். அண்ணியின் லைப்ரரிக்கு டோக்கன் பழக்கமெல்லாம் கிடையாது. நாலு வருஷமாக யார் கேட்டாலும் "இப்போதைக்கு இல்லை" என்று ராஜதந்திரமாகப் பதில் எழுதிவந்தாள். திங்கட்கிழமை மீட்டிங்குக்குள் புது முறை வரவில்லையென்றால் வேறு லைப்ரரிக்குப் போய்விடுவோம் என்று கொழுந்தனின் டீம் லீடர் சொல்லிவிட்டார். அண்ணி பாதி எழுதியிருந்தாள். அன்று வெள்ளிக்கிழமை.

அப்போதுதான் தலைமைச் சிற்பி வந்தார்.

பட்டம் அவரே தனக்குச் சூட்டிக்கொண்டது. எங்கோ தொலைவில் இருந்துகொண்டு, ஊரார் லைப்ரரிகளில் எல்லாம் தொலைநோக்குப் பார்வை பற்றிக் கருத்து எழுதுகிறவர். படத்தில் கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்ப்பார். இப்போது கருத்தோடு நிற்காமல், பதினோரு கோப்புகளில் ஏசிங்க் ஆதரவு முழுவதையும் எழுதியே அனுப்பியிருந்தார். கூடவே "காத்திருப்பின் தத்துவம்" என்று ஒரு முன்னுரை. கீழே முத்தாய்ப்பு: லைப்ரரியையே சோதிக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு சோதனைகளும் பச்சை. நாற்பது விநாடி பிடித்த வேலை இனி அரை விநாடி.

மதியத்துக்குள் முப்பது பேர் கைதட்டும் பொம்மை போட்டிருந்தார்கள். கொழுந்தன் மாடியிலிருந்து இரண்டிரண்டு படியாக இறங்கி வந்தான்.

அண்ணியின் கணவர் பல் டாக்டர். அன்று விடுமுறை. துவைத்த துணியை உதறிக்கொண்டே திரையை எட்டிப் பார்த்தவர், "கையைக் கட்டிக்கிட்டு இவரு எப்படி டைப் அடிக்கிறாரு?" என்று கேட்டார்.

அண்ணி சிரிக்கவில்லை. அந்த அரை விநாடி அவளை உறுத்தியது. நாற்பது முப்பதாகலாம், இருபதாகலாம். அரை விநாடியில் தும்மிக்கூட முடிக்க முடியாது. யோசித்துப் பார்த்துவிட்டு, தன் கம்ப்யூட்டரில் டேட்டாபேஸையே நிறுத்தினாள். பிறகு சிற்பி அனுப்பியதை வைத்துச் சோதனைகளை ஓட விட்டாள்.

இருநூற்றுப் பன்னிரண்டும் பச்சை.

"என்னாச்சு?" என்றார் டாக்டர்.

"டேட்டாபேஸை நிறுத்திட்டு ஓட்டினேன். எல்லாம் பாஸு."

"நல்லதுதானே?"

"பேஷன்ட் வராமலேயே பல்லைப் பிடுங்கிட்டேன்னு நீங்க எழுதி வச்சா?"

டாக்டர் தொழில்ரீதியாக யோசித்தார். "ரத்தமே வராது. ரொம்பச் சுத்தமான வைத்தியம்."

விஷயம் இதுதான். பதினோரு கோப்புகளையும் தத்துவத்தையும் எழுதிய சிற்பி, சோதனையை ஓட்டும் இடத்தில் "காத்திரு" என்ற ஒரு சொல்லை எழுதவில்லை. ஒவ்வொரு சோதனையும் டோக்கனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நேரே வீட்டுக்குப் போயிருந்தது. தகராறு எதுவும் இல்லாததால் லைப்ரரியும் "தேறியது" என்று குறித்துவிட்டது. இப்படி நடந்தால் கம்ப்யூட்டர் எச்சரிக்கை விடும், அதுவும் விட்டிருக்கிறது. திரை அழகாக இருக்க வேண்டுமென்று சிற்பி எச்சரிக்கைகளை மறைத்து வைத்திருந்தார்.

கொழுந்தனுக்கு முகம் விழுந்துவிட்டது. மெதுவாக ஆரம்பித்தான். "அண்ணி, திங்கக்கிழமை பச்சையைக் காட்டினாப் போதும். யாரும் டேட்டாபேஸை நிறுத்திப் பாக்கப் போறதில்ல. அப்புறம் நிதானமா சரி பண்ணிக்கலாமே."

அந்த யோசனை அண்ணிக்கும் வந்து போயிருந்தது. சிற்பி அனுப்பியதை ஏற்றுக்கொள்ள ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். கூடம் கையைவிட்டுப் போகாது.

"யாருக்கோ சுகர் அளவு தப்பா அச்சடிச்சு வந்தா, இந்தப் பச்சையைத்தான் காட்டுவியா தம்பி?"

அவன் காட்டமாட்டான். அது இருவருக்கும் தெரியும்.

சிற்பியின் முன்னுரைக்குக் கீழே அண்ணி ஒரே வரி எழுதினாள்: டேட்டாபேஸை நிறுத்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். கைதட்டல்கள் சட்டென்று நின்றன. சிற்பியிடமிருந்து சோதனை என்பதன் எல்லைகள் குறித்து ஆறு பத்தி வந்தது. அண்ணி அதே வரியை மறுபடி எழுதினாள். ஒரு மணி நேரம் கழித்து ஆறு பத்தியும் காணாமல் போயின. அவளுக்கு ஓர் அழைப்பு வந்தது.

சிற்பியின் குரல் படத்தைவிட மெலிவாக இருந்தது. "மன்னிச்சுக்கங்க. பச்சையைப் பாத்ததும் சந்தோஷத்துல எந்திரிச்சு நின்னுட்டேன். அப்புறம் உக்காந்து பாக்கவே இல்ல."

திட்டுவதற்குத் தயாராக வைத்திருந்த நாலு வாக்கியத்தை அண்ணி முழுங்கினாள். எழுந்து நின்ற நாள் அவளுக்கும் உண்டு. "நாளைக்குக் காலைல நேரமிருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் இருவரும் திரையைப் பகிர்ந்துகொண்டு உட்கார்ந்தார்கள். தத்துவம் போனது. பதினோரு கோப்பு இரண்டாயிற்று. கையை அவிழ்த்துவிட்டால் மனிதர் நன்றாகவே வேலை செய்தார். "காத்திரு" உரிய இடத்தில் ஏறியதும் ஓட விட்டார்கள். இருபத்தெட்டு விநாடி. ஒன்பது சிவப்பு.

"ஆஹா, ஒன்பது. இப்பத்தான் நிஜமா ஓடுது," என்றாள் அண்ணி, பிள்ளைக்கு முதல் பல் முளைத்தது போல.

சோதனை டேட்டாபேஸுக்குப் போகும் ஓர் இணைப்பு வழியாக எழுதுகிறது. லைப்ரரி வேறொரு இணைப்பைத் துடைத்துக்கொண்டிருக்கிறது. வாசலைப் பெருக்கச் சொன்னால் பக்கத்து வீட்டு வாசலைப் பெருக்கிய கதை. இரண்டையும் ஒரே இணைப்புக்குக் கொண்டுவந்ததும் எட்டு பச்சையாயின. ஒன்று மட்டும் மசியவில்லை. ஞாயிறு மாலை, அந்த ஒன்று எப்போது சிவக்கும், ஏன் என்பதைக் குறிப்பில் விளக்கமாக எழுதி, சிவப்போடே வெளியிட்டாள். அடியில் சிற்பியின் பெயரையும் போட்டாள், பட்டம் இல்லாமல்.

திங்கட்கிழமை பஸ் கம்பெனியில் அவளுக்கு வேலை ஓடவில்லை. சாயங்காலம் கொழுந்தன் ஷூவைக்கூடக் கழற்றாமல் மேசைக்கு வந்தான்.

அந்த ஒரு சிவப்பு என்ன என்று டீம் லீடர் முதலில் கேட்டாராம். குறிப்பைப் படித்துவிட்டுத் தலையாட்டினாராம். பிறகு கூடத்தின் சொந்தச் சோதனைகளைப் புது லைப்ரரியில் ஓட்டினார்களாம். மூன்று சிவப்பு. மூன்றும் கூடத்துப் புரோகிராமின் தப்பு. மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் இருந்தவை.

"அப்ப?"

"அப்ப என்ன, நம்மளோடதுதான். மாத்தறதில்லன்னு முடிவாயிடுச்சு."

"என்னைப் பத்தி எதாவது சொன்னாங்களா?"

கொழுந்தன் நேர்மையாக யோசித்துப் பார்த்தான். "உங்களப் பத்தி யாரும் பேசல அண்ணி. அந்த மூணு தப்பப் பத்தியேதான் ரெண்டு மணி நேரம் பேசினாங்க."

"ரெண்டு மணி நேரமா?" என்று அண்ணி கேட்டாள். காதில் நன்றாகவே விழுந்திருந்தது. இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.