கண்ணாடியைக் கழற்றும் வரை

திரையில் ஒரு மனிதன் பத்து நிமிடம் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது எவனாவது கொட்டாவி விட்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. ஒருமுறை பின்வரிசையில் ஒருத்தன் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டதோடு நிற்காமல், "படம் ஓடுதா, நின்னு போச்சா?" என்று வேறு கேட்டான். எழுந்துபோய் ஒரே குத்து. முன்பல் ஒன்று பெயர்ந்து விழுந்தது. போலீஸ் ஸ்டேஷனில் நான் எதையும் மறைக்கவில்லை. "ஆசான் படம் சார். அதுல போய் கொட்டாவி விடுறான்" என்றேன். எழுதிக்கொண்டிருந்த ஏட்டய்யாவும் ஒரு கொட்டாவி விட்டுவிட்டுத் தொடர்ந்து எழுதினார்.

ஆசான் என்பது அந்த இயக்குநருக்கு நாங்கள் வைத்த பெயர். நாங்கள் என்றால் அவருடைய ரசிகர்கள், மொத்தம் பதினோரு பேர். முப்பது வருடத்தில் அவர் முடித்தது ஐந்து படம். அறிவித்தது பத்தொன்பது. பத்தொன்பதும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். கால்களை மட்டும் காட்டும் படம், மூன்றில் ஒரு பங்கு எடுத்தாயிற்று. ஒரே மரத்தை நான்கு வருடம் எடுக்கும் படம், மரம் பட்டுப்போனதால் வேறு மரம் தேடிக்கொண்டிருந்தார். பதினோரு மணி நேரப் படம், அதில் இடைவேளை எங்கே என்பது மட்டும் முடிவாகியிருக்கிறது. நாற்காலிகளே நடிக்கும் படம். சொன்னால் சிரிப்பீர்கள், முடிந்த ஐந்தைவிட முடியாத பதினாலின் மேல்தான் எனக்கு உயிர். எடுத்து முடித்த படத்தில் நமக்கு என்ன வேலை இருக்கிறது?

என் வேலை டிங்கரிங். அடிபட்ட கார்களின் தகட்டைத் தட்டிச் சொட்டை எடுப்பது. அதே பட்டறையில் என் தங்கையின் வீட்டுக்காரர் பெயிண்டர். நான் தட்டி நேராக்கிய இடத்தில் அவர் வண்ணம் அடிப்பார். வெள்ளையிலேயே பதினேழு வெள்ளை இருக்கிறது என்பார். பழைய கதவை வெயிலில் சாய்த்து வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். பிறகு ஒரு சொட்டு கறுப்பு, அரைச் சொட்டு மஞ்சள் என்று கலப்பார். வண்டியின் சொந்தக்காரனே எந்த இடத்தில் அடிபட்டது என்று தேடித் தோற்றுப் போவான்.

மற்றபடி நல்ல மனுஷன்தான். ஆசானை மட்டும் அவருக்கு ஆகாது. "தூக்க டாக்டர்" என்றுதான் சொல்வார். "என்ன மச்சான், உங்க தூக்க டாக்டர் புதுசா மாத்திரை ஏதும் விட்டாரா?" என்று காலையில் பட்டறைக்குள் நுழையும்போதே ஆரம்பித்துவிடுவார். தங்கை புருஷன் ஆயிற்றே என்று பத்து வருடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வேறு எவனாவது சொல்லியிருந்தால் அவனுடைய பல் என் சட்டைப்பையில் இருந்திருக்கும்.

அப்படிப்பட்ட பட்டறைக்குள் ஒருநாள் ஆசானே வந்து நின்றார். படம் பிடிக்க இடம் தேடி வந்திருந்தார். அந்த நேரம் பார்த்து நானும் மாப்பிள்ளையும் ஒரு கார் பானெட்டை நடுவில் வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தோம். நான் சொட்டை போய்விட்டது என்கிறேன், அவர் தகட்டில் இன்னும் அலை இருக்கிறது என்கிறார். ஆசான் கொஞ்ச நேரம் எங்களையே பார்த்தார். "எனக்கு நடிகர் வேண்டாம். இந்த ரெண்டு பேர் போதும்" என்று உதவியாளர்களிடம் சொன்னார். நான் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டேன். ஒரே பட்டறையில் வேலை செய்யும் இரண்டு பேர் காரணமே இல்லாமல் அடித்துக்கொள்கிறார்கள், ஒரே ஷாட், அதுதான் படம். பட்டியலில் பத்தொன்பதாவது.

வீட்டில் தங்கை குதித்தாள். "எள்ளு எண்ணெய்க்குக் காயுது. எலிப்புழுக்கை எதுக்கு அண்ணே காயணும்? உன் பைத்தியத்துக்கு அவரை ஏன் இழுக்குற?"

"என்னை எலிப்புழுக்கைங்கிறியா?" என்று சிரித்தார் மாப்பிள்ளை. பிறகு என்னைப் பார்த்துவிட்டு அவளிடம், "விடு. இத்தனை வருஷத்துல மச்சான் என்கிட்ட வாய் திறந்து கேட்டது இது ஒண்ணுதான்" என்றார்.

அவள் என் முன்னால் வந்து நின்றாள். "முழுசா கூட்டிட்டுப் போற. முழுசா கொண்டுவந்து விடணும். கூடக்குறைய ஆச்சு, எனக்கு அண்ணன்னு ஒருத்தன் கிடையாது."

என் தலையிலேயே கையை வைத்துச் சத்தியம் செய்தேன்.

அடுத்த நாள் மாப்பிள்ளைக்குப் பாடம் நடத்தினேன். ஆசான் 'கட்' சொல்ல மாட்டார். வாழ்க்கையில் எவன் கட் சொல்கிறான் என்பது அவர் கட்சி. ஷாட் முடிந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மடக்கி, சட்டைப்பையில் போடுவார். அதுவரைக்கும் யாரும் நிறுத்தக்கூடாது. இரண்டாவது படத்தில் காலில் ஆணி ஏறிவிட்டது என்று நடுவில் நின்ற கதாநாயகனை அன்று மாலை பஸ்ஸிலேயே ஊருக்கு அனுப்பி வைத்தவர் அவர். "அதனால என்ன ஆனாலும் கண்ணாடி கழற்றும் வரை நிறுத்தாதீங்க மாப்ளே. நானும் நிறுத்த மாட்டேன்" என்றேன்.

"சரி மச்சான். பார்வை இல்லாதவன் நடிச்சா, அவர் கண்ணாடி கழற்றினது அவனுக்கு எப்படித் தெரியுமோ" என்று அதற்கும் ஒரு கிண்டல்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. ஷெட்டுக்குள் கேமரா, கேமராவுக்குப் பக்கத்தில் நாற்காலியில் ஆசான், காதில் ஒரு ஒயர். "பொய்யடி வேண்டாம். வலிக்கட்டும். வலி வந்தா முகம் தானா வேலை செய்யும்" என்றார். கையைக் காட்டினார். ஆரம்பித்தோம்.

மாப்பிள்ளை வெட்கப்பட்டுக்கொண்டு என் தோளைத் தள்ளினார். நான் அவர் கன்னத்தில் பட்டும் படாமல் தட்டினேன். ஆசானின் முகம் சுளித்தது. எனக்கு அது போதும். கையை நன்றாக வீசி ஓர் அறை விட்டேன். தகரக் கூரையில் சத்தம் எதிரொலித்தது. மாப்பிள்ளை ஒரு கணம் என்னை யார் என்று தெரியாதவர் மாதிரி பார்த்தார். பிறகு குத்தினார். பெயிண்டர் கை மெத்தென்று இருக்கும் என்று நினைத்திருந்தேன். நாள் முழுக்க உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற கை. என் உதடு பல்லில் மாட்டிக் கிழிந்தது. வாயெல்லாம் ரத்தம் கரித்தது.

அதற்குப் பிறகு அது சினிமா இல்லை. கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் உருண்டோம். பட்டித்தூள் கண்ணிலும் மூக்கிலும் ஏறியது. அவர் என் முழங்கையைக் கடித்தார், நான் அவர் வயிற்றில் முட்டியை இறக்கினேன். தின்னர் டப்பா கவிழ்ந்து நாற்றம் கிளம்பியது. ஒரு குத்து தூக்க டாக்டருக்கு. ஒரு குத்து மாத்திரைக்கு. பத்து வருடக் கிண்டலும் என் கைமுட்டியில் வந்து உட்கார்ந்திருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் ஆசான் பார்த்துக்கொண்டிருக்கிறார், நான் அவருடைய படத்துக்குள் இருக்கிறேன். நடுநடுவே திரும்பிப் பார்த்தேன். கண்ணாடி மூக்கின் மேல் இருந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது. கேமராவை இன்னும் நெருங்கிப் போகச் சொல்கிறார் என்று நினைத்து இன்னும் பலமாக அடித்தேன்.

"மச்சான், போதும்... மூச்சு முட்டுது" என்றார் மாப்பிள்ளை.

அடேயப்பா, என்ன நடிப்பு என்று நினைத்தேன். வசனம் கிடையாது என்று சொல்லியும் இந்த மனுஷன் தானாகவே சேர்க்கிறாரே என்று பெருமையாகக்கூட இருந்தது. சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி வீசினேன். முந்தின நாள் வந்த ஒரு கார் அங்கே நின்றது. லாரியில் உரசி முன்கதவு கிழிந்து தொங்கியது, நான் இன்னும் கை வைக்காத தகடு. அவர் முகம் நேராக அதில் போய் மோதியது. பெரிய சத்தம் எல்லாம் இல்லை. மெதுவாகக் கீழே சரிந்தார். வலது கண்ணைப் பொத்திய விரல்களின் இடுக்கில் ரத்தம் வந்தது, ரத்தத்தோடு தண்ணீராட்டம் வேறு ஒன்றும் வந்தது.

அப்போதும் நான் நாற்காலியைத்தான் பார்த்தேன். கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. காலைத் தூக்கி அவர் விலாவில் உதைத்தேன். இன்னொரு முறையும் உதைத்தேன். கண் போனதைத் தவறி நடந்தது என்று யாரிடமாவது சொல்லிக்கொள்ளலாம். அந்த இரண்டு உதையை யாரிடம் போய்ச் சொல்வேன்?

கேமரா உதவியாளராக இருந்த பெண் ஓவென்று அழுதாள். "சார்... கார்டு ஃபுல் ஆகி அஞ்சு நிமிஷம் ஆச்சு சார். நீங்க கண்ணாடி கழற்றவே இல்லை, அதான் நான் சொல்லலை."

ஆசான் காதிலிருந்து ஒயரை எடுத்தார். "அப்புறம் கூப்பிடுறேன்" என்று போனில் யாரிடமோ சொன்னார். எங்களைப் பார்த்து முகமெல்லாம் மலர, "மரம் கிடைச்சிருச்சு!" என்றார். பிறகுதான் கீழே கிடப்பவரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, மடக்கி, சட்டைப்பையில் போட்டார்.

வலது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. விலா எலும்பு இரண்டு முறிந்திருந்தது. ஒன்பது நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். நான் வாசலிலேயே நின்றேன். மாப்பிள்ளை செம்பிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் தரையில் விழுந்தது. விழுந்த இடத்தை அவர் கையால் தடவிப் பார்த்தார். ஒரு கண்ணை வைத்துக்கொண்டு தூரம் பிடிபடவில்லையாம். பழகிவிடும் என்று டாக்டர் சொன்னாராம்.

தங்கை அழவில்லை. வாசலுக்கு வந்து, "என் புருஷன் கண்ணை எடுத்த. அதை எடுக்க வச்சவன் பல்லை எடுத்துட்டு வா. அப்புறம் இந்தப் படி ஏறு" என்றாள்.

பட்டறைக்குப் போய்ச் சொட்டை எடுக்கும் சுத்தியலை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவனைக் கொன்றுவிடுவது என்றுதான் போனேன். ஆமாம், அவன். வழியெல்லாம் அவன், இவன் என்று சொல்லிப் பழகிக்கொண்டேன்.

இரண்டாவது மாடியில் ஆபீஸ். தடுக்க வந்த உதவி இயக்குநரின் மூக்கில் முழங்கையால் ஒன்று வைத்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தோடு படியில் உட்கார்ந்துவிட்டார். கதவை உதைத்துக்கொண்டு உள்ளே போனேன். சுவரில் பத்தொன்பது தாள் ஒட்டியிருந்தது, ஒவ்வொன்றிலும் ஒரு படத்தின் பெயர். கடைசித் தாளில் சிவப்பாகக் கோடு.

"வாங்க. அந்தப் படத்தை விட்டாச்சு" என்றார் ஆசான், நான் அதைக் கேட்கத்தான் வந்தேன் என்பதுபோல. "அடி எல்லாம் நிஜம். ஆனா போட்டுப் பார்த்தா பொய்யா தெரியுது."

பொய்யா? சுத்தியலை மேசை மேல் இறக்கினேன். கண்ணாடிப் பலகை சிதறி அவர் கையெல்லாம் கீறிவிட்டது. சட்டையைப் பிடித்து இழுத்து, வாய்க்கு நேராகச் சுத்தியலை ஓங்கினேன். ஓங்கிய கை இறங்கியிருக்க வேண்டும். என் தகப்பன் பெற்ற கையாக இருந்தால் இறங்கியிருக்கும்.

"அடிக்கிறதுன்னா அடிங்க. ஒண்ணு சொல்லிடுறேன், கேட்டுட்டு அடிங்க. இதை இன்னும் யார்கிட்டயும் சொல்லலை" என்றார்.

யாரிடமும் சொல்லவில்லையாம். பதினோரு பேரில் எவனுக்கும் தெரியாதது.

"ஒரு பழைய கட்டடம். இடிக்கப் போறாங்க, எல்லாரும் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. லிஃப்ட் ஓட்டுறவன் மட்டும் கடைசி நாள் வேலைக்கு வர்றான். கீழே உட்கார்ந்திருக்கான். ஏழாவது மாடியில இருந்து மணி அடிக்குது."

சுத்தியல் என் கையில் கனத்தது.

"மேல போறான். யாரும் இல்லை. கீழே வர்றான். மறுபடியும் ஏழுல மணி."

"அப்போ யார் கூப்பிடுறது?" என்று யாரோ கேட்டார்கள். கேட்டது நான்தான்.

ரத்தம் வழிகிற கையால் அவர் ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார். உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரம் சொன்னார். கூப்பிடுவது யார் என்பது மட்டும் அவருக்கே இன்னும் தெரியவில்லையாம். படி இறங்கித் தெருவுக்கு வந்த பிறகுதான் சுத்தியலை அங்கேயே வைத்துவிட்டு வந்தது தெரிந்தது.

தங்கை வாசலில் நின்றாள். முதலில் என் கையைத்தான் பார்த்தாள்.

"எடுத்துட்டு வந்தியா?"

"இல்லை."

"ஒரு அடியாவது அடிச்சியா?"

"இல்லை."

"அப்புறம் இவ்வளவு நேரம் என்ன அண்ணே பண்ணின?"

"கதை கேட்டேன்."

அவளுக்கு விளங்கவில்லை. விளங்கியபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை. உள்ளே கட்டிலில் மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்தார். கட்டுப் போட்ட முகத்தைத் திருப்பி, இடது கண்ணால் என்னைப் பார்த்தார்.

"கதை நல்லாயிருந்துச்சா மச்சான்?"

கிண்டலாகக் கேட்டிருந்தால் தப்பித்திருப்பேன். அந்த மனுஷன் நிஜமாகவே கேட்டார். தன் கண்ணைக் கொடுத்த இடத்தில் ஏதாவது இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளக் கேட்டார். இல்லை என்று ஒரு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ரொம்ப நல்லாயிருந்துச்சு மாப்ளே" என்று சொல்லிவிட்டு அழுதேன்.

தங்கை என் தலைமுடியைப் பிடித்து நெற்றியை நிலைச்சட்டத்தில் மோதினாள். மறுபடியும் மோதினாள். கன்னத்திலும் வாயிலும் மாறி மாறி அறைந்தாள். ஆறியிருந்த உதடு மறுபடியும் கிழிந்தது. "செத்துப் போடா, செத்துப் போ" என்று சொல்லிச் சொல்லி அடித்தாள். நான் கையைத் தூக்கவில்லை. அவளுக்கு என்னைக் கொல்லக்கூட உரிமை உண்டு, கொன்றிருந்தாலும் சரி என்றிருப்பேன். அத்தனை அடியையும் வாங்கிக்கொண்டு நின்றபோதும், ஏழாவது மாடியிலிருந்து கூப்பிடுவது யாராக இருக்கும் என்று என் மண்டைக்குள் ஓடிக்கொண்டுதான் இருந்தது.