பெட்டிக்காரியின் கரண்ட்

பெட்டிக்காரியின் விரல் நுனியிலிருந்து முதல் தீப்பொறி பறந்து அடுப்பைப் பற்றவைத்த அன்று தக்காளி விலை கொஞ்சம் இறங்கியிருந்தது, குழாயில் தண்ணீர் வழக்கம்போலத் தாமதமாக வந்தது, அவளுடைய மோட்டார் சைக்கிள் தெருமுனை வளைவில் நின்றுபோயிருந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள் நேராகச் சமையலறைக்குள் போய் அடுப்பின் திருகைத் திருப்பினாள். தீப்பெட்டியைத் தேடுவதற்குள் விரலிலிருந்து நீலமாக ஒன்று பாய்ந்தது, அடுப்பு எரிந்தது. ஒரு குச்சி மிச்சம் என்று நினைத்தாள். அடுத்த நொடி வண்டியை நினைத்துப் பல்லைக் கடித்தாள். அடுப்பு இன்னும் கொஞ்சம் உயரமாக எரிந்தது.

பெட்டிக்காரி என்பது வண்டியின் பின்னால் கட்டியிருந்த ஐஸ் பெட்டியால் வந்த பெயர். ஊரைச் சுற்றியிருந்த சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகளில் காலையில் எடுக்கிற ரத்த மாதிரிக் குழாய்களை வாங்கிப் பெட்டிக்குள் அடுக்கி, ஐஸ் உருகுவதற்குள் பெரிய பரிசோதனைக் கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் வேலை. அதற்காகத்தான் பழைய வண்டி ஒன்றை வாங்கினார்கள். அவள் புருஷன் வாகனங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவன், கனத்த ஆள், கைத்திறமையில் கர்வம் உள்ளவன். தன் பெண்டாட்டி பழைய வண்டியில் போவதா என்று வண்டியை எலும்புக்கூடாகக் கழற்றி, கறுப்பு எனாமல் இரண்டு கோட் அடித்துத் திரும்பப் பூட்டினான். முகம் பார்க்கலாம் போல இருந்தது. அந்த வாரத்திலிருந்தே வண்டி நிற்க ஆரம்பித்தது.

தினமும் நின்றிருந்தால் தொல்லை விட்டது என்று விற்றிருக்கலாம். அது நினைத்தால் நிற்கும். நன்றாகப் போய்க்கொண்டே இருக்கும், ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும், இண்டிகேட்டர் மங்கும், ஹாரன் தொண்டை கட்டியதுபோல் முனகும், எஞ்சின் அடங்கிவிடும். கிக்கரை உதைத்து உதைத்துக் கால் வீங்கும். பிறகு யாரோ ஒரு ஆண்பிள்ளை வந்து, "தள்ளுங்க, நான் பாக்கறேன்" என்று ஏறி உட்கார்ந்து ஒரு உதை விடுவான், ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். இதைவிட ஒரு மனுஷிக்கு வயிறெரிச்சல் வேறு என்ன வேண்டும்? வண்டி நின்றதற்கு அவள் ஒருத்திதான் சாட்சி, ஓடுவதற்கு ஊரே சாட்சி.

முக்குக்கடை மெக்கானிக் முதலில் பிளக்கை மாற்றினான். பிறகு பேட்டரி, பிறகு கார்புரேட்டர் கழுவல், பிறகு சாவித்துளை. அவன் அலுத்துப்போனதும் பாலத்தடி மெக்கானிக், அவனுக்கும் அப்பால் சந்தைக்கடை மெக்கானிக். மூன்று பேருக்கும் முன்னால் தள்ளிய தொப்பை. மூன்று பேரும் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னது ஒரே வாக்கியம்: "நான் ஓட்டினா நல்லாத்தானே ஓடுது, அக்கா." அதோடு விட்டார்களா? சோக்கை இழுத்துவிட்டு மறந்திருப்பீர்கள், சுவிட்சில் கை பட்டிருக்கும், கிளட்சை விடத் தெரியவில்லை என்று ஆளுக்கொரு புத்திமதி. வீட்டில் பெயின்டரோ, ஞாயிற்றுக்கிழமை தோறும் வண்டியை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வருவான், துணியால் டாங்க்கைத் துடைப்பான், "வண்டில ஒண்ணும் இல்லம்மா, நீ பயந்து பயந்து ஓட்டற" என்பான். பயமாம். ரத்தப் பெட்டியோடு லாரிகளுக்கு நடுவே புகுந்து வருகிறவளுக்குப் பயமாம்.

வண்டி நின்ற ஒவ்வொரு தடவையும் அதற்குள் இருந்த மின்சாரம் எங்கேயாவது போயாக வேண்டுமல்லவா? போக வழியில்லாமல் அது அவளுக்குள் ஏறியது. அடுப்பைத் தொடர்ந்து, கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டாலும் சுளீர் என்றது. பிறகு அவள் அலமாரியைத் திறந்தால் டம்ளர்கள் தானாக இசைத்தன. மழைக்காலம் முடிவதற்குள், வெறுங்கையில் பல்பைப் பிடித்தால் அது எரிந்தது. வண்டி நின்ற நாளில் வெள்ளையாகவும், மெக்கானிக்கிடம் போய்வந்த நாளில் கண் கூசும்படியும் எரிந்தது. பெயின்டர் வீட்டுக்குள்ளேயே ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தான். கேட்டவர்களிடம் தரை சில்லென்று இருக்கிறது என்றான்.

ஊர் என்ன செய்தது என்று கேட்கிறீர்களா? போனைத் தூக்கிக்கொண்டு வந்தது. கரண்ட் இல்லாத சாயங்காலங்களில் எதிர்வீட்டுக்காரி முதல் ஆளாக வந்து சார்ஜர் வயரை அவள் வளையலில் செருகிவிட்டு, "இன்னைக்கும் நின்னுடுச்சா அக்கா?" என்று உச்சுக்கொட்டுவாள். இன்றைக்கு நிற்கவில்லை என்றால் அவள் முகம் தொங்கிவிடும். பின்னால் தையற்காரர் வந்தார், மாவு மில்காரர் வந்தார். அவள் வீட்டு வாசலில் இருந்த தெருவிளக்குக்கு வயரே தேவையில்லை என்று மின்சார அலுவலக ஆட்கள் ஏணி போட்டு ஏறி இணைப்பைக் கழற்றிக்கொண்டு போனார்கள், போகும்போது அவளுக்கு வணக்கம் வைத்தார்கள். அத்தனை பேரும் அவள் கோபத்தில் வெளிச்சம் போட்டுக்கொண்டார்கள். வண்டியில் என்ன கோளாறு என்று குனிந்து பார்க்க ஒரு நாய்க்கும் நேரமில்லை.

கோடையில் அது நடந்தது. ஆற்றுப் பாலத்தின் நட்டநடுவில் வண்டி நின்றது, வெயில் பெட்டியைப் பிளந்தது, அவள் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது ஐஸ் தண்ணீராகியிருந்தது. கெட்டுப்போன குழாய்களில் ஒன்று கைக்குழந்தையுடையது. மறுநாள் அதே ஆஸ்பத்திரியில் அந்தக் குழந்தைக்குத் திரும்பவும் ஊசி குத்தி எடுத்தார்கள். நரம்பு கிடைக்காமல் கையில் குத்தி, காலில் குத்தி எடுத்தார்கள். வாசலில் நின்ற பெட்டிக்காரிக்குக் குழந்தை வீறிட்டது கேட்டது. அதன் அம்மா வெளியே வந்து அவளை ஒன்றும் திட்டவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். பரிசோதனைக் கூடத்து மேனேஜர் அறையைச் சாத்திவிட்டுச் சொன்னான்: "வண்டி நிக்குது வண்டி நிக்குதுன்னு இதே கதை. எங்க ஆளு ஓட்டிப் பாத்தான், நல்லாத்தான் ஓடுது. இன்னொரு தடவை லேட்டாச்சுன்னா வேற ஆள் வந்துடும்." அவள் நாற்காலியின் இரும்புக் கையை விட்டுவிட்டு எழுந்தாள். அந்த இடம் கறுத்திருந்தது.

இன்னொரு தடவை அதிக நாள் காத்திருக்கவில்லை. அதே பாலம், அதே வெயில். முந்தின நாள் எடுத்தது போதாது என்று அந்தக் குழந்தைக்கு மூன்றாம் முறையாகக் குத்தி எடுத்த குழாய் பெட்டிக்குள் இருந்தது. பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியது, இண்டிகேட்டர் மங்கியது, ஹாரன் முனகியது. பெட்டிக்காரி கிக்கரை உதைக்கவில்லை. இறங்கவும் இல்லை. மூன்று மெக்கானிக்குகளையும், மேனேஜரையும், எதிர்வீட்டுக்காரியின் சார்ஜரையும், டாங்க்கைத் துடைக்கிற துணியையும் ஒவ்வொன்றாக நினைத்தாள். வாய்விட்டு ஒரு வார்த்தை சொன்னாள், அதை இங்கே எழுத முடியாது. பிறகு உள்ளங்கையை எஞ்சின் மேல் வைத்து, இத்தனை நாள் தனக்குள் ஏறியிருந்ததை மொத்தமாகத் திருப்பிக் கொடுத்தாள். வண்டி உறுமிக்கொண்டு எழுந்தது. பட்டப்பகலில் ஹெட்லைட் எரிய, எதிரே வந்த லாரிகள் ஒதுங்கி வழிவிட, சாவியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு அவள் பறந்தாள். வழியில் சீட்டுக்கு அடியிலிருந்து மெலிதாகப் புகை வந்தது. அந்த வாசனை அவளுக்கு நன்றாகத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து அவள் துவைத்த சட்டைகளில் எல்லாம் இருந்த எனாமல் வாசனை.

பெட்டியைத் திறந்தபோது ஐஸ் கட்டியாக இருந்தது. குழந்தையின் குழாயைத் தானே எடுத்து உள்ளே கொடுத்தாள். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தான், வாசலில் சாவியில்லாமல் உறுமிக்கொண்டிருந்த வண்டியைப் பார்த்தான், சிரித்தான். "பாத்தீங்களா? நல்லாத்தானே ஓடுது. வண்டில ஒண்ணும் இல்லன்னு நான் அப்பவே சொன்னேன்" என்றான். அந்தக் கட்டடத்தில் இருந்த அத்தனை பல்புகளும் ஒரே நேரத்தில் வெடித்தன. கண்ணாடித் தூள்களைத் தலையிலிருந்து தட்டிவிட்டுக்கொண்டு அவன் அடுத்த வேலையைப் பார்க்கப் போனான்.

வீட்டு வாசலில் பெயின்டர் பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் ஸ்பேனரை எடுத்து வந்து சீட்டைக் கழற்றினாள். அடியில், எர்த் வயரின் முனை போல்ட்டோடு சேரும் இடத்தில், பெயின்ட் கொப்பளித்துப் புகைந்திருந்தது. அவன் எட்டிப் பார்த்து முகம் மலர்ந்தான். "பாத்தியா, சீட்டுக்கு அடியிலகூட ஒரு இடம் விடல. யாரு பாக்கப் போறான்னு விட்டுட்டுப் போற ஆளு நான் இல்ல."

"அதாங்க" என்றாள் அவள். குரல் அமைதியாக இருந்தது. தெருவிளக்கு மட்டும் பகலிலேயே பளீரென்று எரிந்தது. "இந்த வயரு வெறும் இரும்பத் தொட்டாத்தான் கரண்ட் திரும்பிப் போவும். நீங்க போல்ட்டைக் கழட்டி, அடியில ரெண்டு கோட்டு அடிச்சு, அது மேல மாட்டியிருக்கீங்க. ஒக்காருங்க."

சாவியைப் போட்டு இண்டிகேட்டர் சுவிட்சைத் தட்டிவிட்டு, கழற்றிய சீட்டைச் சும்மா மேலே வைத்தாள். அவன் உட்கார்ந்தான். அவன் கனத்தில் சீட்டின் தகடு வயரை அழுத்த, அதன் ஓரம் பெயின்ட்டைக் கீறி இரும்பில் பட்டது. இண்டிகேட்டர் பளிச்சென்று அடித்தது. "எறங்குங்க" என்றாள். இறங்கினான். அவள் உட்கார்ந்தாள். ஒல்லி உடம்பு, தகடு வயரைத் தொட்டும் தொடாமலும் நின்றது. வண்டியை லேசாக ஒரு குலுக்குக் குலுக்கினாள். விளக்கு மங்கியது, ஹாரன் முனகியது. அவன் தொப்பையைத் தடவிக்கொண்டு நின்றான். மூன்று மெக்கானிக்குகளின் தொப்பையும் மேனேஜரின் ஆளும் அவனுக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். உள்ளே போய்ச் சுரண்டுகிற தகட்டை எடுத்து வந்து, போல்ட்டைக் கழற்றி, தான் அடித்த பெயின்ட்டைத் தானே சுரண்டினான். வாழ்நாளில் அவன் செய்யாத வேலை அது. நாணய அளவுக்கு வெறும் இரும்பு தெரிந்தது.

"நீ சொன்ன அன்னைக்கே சீட்டைக் கழட்டியிருக்கணும்" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். தெருவிளக்கின் வெளிச்சம் சரிபாதியாகக் குறைந்தது.

அதற்குமேல் குறையவில்லை. மீதி அவனுடைய பங்கு இல்லையே. மெக்கானிக்குகள் வந்து எதுவும் சொல்லவில்லை, மேனேஜருக்கு எதுவும் நினைவில்லை. வண்டி அதற்குப் பிறகு ஒரு தடவைகூட நிற்கவில்லை. பல வருஷம் ஓடியது, இன்னும் ஓடுகிறது. அந்தக் குழந்தை நடக்கப் பழகி, பள்ளிக்கூடம் போய், அவள் வண்டி வரும்போது கையை ஆட்டுகிறது. தெருக்காரர்கள் போன் மெதுவாக ஏறுகிறது என்று கொஞ்ச நாள் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். வயரில்லாத தெருவிளக்கு பாதி வெளிச்சத்தில் எரிகிறது, புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு வீட்டுக்காரர் குழாய் நேரத்தைச் சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார். பெயின்டர் வருஷத்துக்கு ஒரு தடவை வண்டிக்குப் புதுக் கறுப்பு அடிக்கிறான், சீட்டுக்கு அடியில் அந்த நாணய அளவு இடத்தை மட்டும் விட்டுவிடுகிறான், விடும்போது கை நமநமக்கிறது. யாராவது நின்று பார்த்து, பழைய வண்டி ஆச்சே, எப்படி ஓடுகிறது என்று அவனிடம் கேட்பார்கள். "அவளைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு, ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குள் போவான்.