பெட்டியருகே சொன்ன சொல்

சுபாஷினி ஓடிப்போய் அப்பாவின் வாயைப் பொத்துவதற்குள் சுப்பையா மறுபடியும் சொல்லிவிட்டார்.

“நாந்தான் உன்ன கொன்னுட்டேன் ருக்கு! நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னியே. காலையில கிளினிக் போலாம்னு படுக்க வெச்சேனே. நாந்தான் கொன்னுட்டேன்!”

“அப்பா, அப்படிச் சொல்லாதீங்க.”

அம்மாவின் சவப்பெட்டிக்கு அந்தப் பக்கம் தம்பியின் வழக்கறிஞர் பெவர்லி நின்றிருந்தார். அந்தச் சொல்லைக் கேட்டால் இந்த வீட்டில் எல்லோருக்கும் பயம். அதைச் சொன்ன தம்பி ஷர்வின் தூக்குத் தண்டனை பெற்றுச் சிறையில் இருக்கிறான். அடுத்த வாரம் அப்பீல்.

பெவர்லி அவளைச் சமையலறைக்கு அழைத்துப் போனார்.

“அப்பா ஏன் அப்படிச் சொல்றாரு, சுபா?”

“துக்கத்துல சொல்றதுதானே, மிஸ்.”

“எல்லாரும் சொல்வாங்களா?”

பக்கத்து வீட்டிலிருந்து வந்த காப்பியைக் கோப்பைகளில் ஊற்றிக்கொண்டிருந்த தனுஜா அத்தை திரும்பினாள். “என்னலா இது! எங்க வீட்டுக்காரர் செத்தப்ப நான் நூறு தடவ சொன்னேன். என்னையும் புடிச்சு உள்ள போடுங்க. உங்க சர்ச்சுல பாட்டுப் பாடியே அனுப்பிடுவீங்க போல.”

பெவர்லி சிரிக்கவில்லை. “ஷர்வினும் பெட்டிகிட்டதான் சொன்னான்.”

பாகான் டாலாமில் ஒரு சந்தில் குத்துப்பட்டுச் செத்த லோகேஸ்வரன், ஷர்வினின் கூட்டாளி. அவனை அழைத்துவரப் போன ஷர்வின் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தான். பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதபோது சொன்னதை லோகேஸ்வரனின் பக்கத்து வீட்டுக்காரர் கோர்ட்டில் சொன்னார். அந்தச் சந்தில் ஷர்வினின் மோட்டர் சைக்கிளைப் பார்த்ததாக இன்னொருவர் சொன்னார். தீர்ப்புக்கு அவ்வளவே போதுமாக இருந்தது.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் சாட்சி சொன்னபோது வேறெதுவோ சொன்னாரே. சுபாஷினி அவசரப்படவில்லை. தான் கேட்டதா, கேட்க ஆசைப்பட்டதா? இரண்டுமுறை யோசித்தாள். கேட்டதுதான்.

“மிஸ், லோகேஸ் அம்மாவும் ‘நாந்தான் உன்ன கொன்னுட்டேன்’னுதான் அழுதாங்க. அந்த ஆளே கோர்ட்ல சொன்னாரு. அதுக்கு மேல யாரும் கேக்கல.”

“கோர்ட்லயேவா? அப்ப ரெக்கார்ட்ல இருக்கும், நான்தான் கவனிக்காம விட்டுட்டேன். ஏன் என்கிட்ட சொல்லல?”

“இதுல சொல்றதுக்கு என்ன இருக்குன்னு நெனச்சோம். ஊருக்கே தெரிஞ்சதுதானே.”

“ஜட்ஜுக்குத் தெரியாது. எனக்கே தெரியல.”

“மோட்டர் விஷயம்?”

“கூட்டிட்டு வரப் போனவன் மோட்டர் அங்கதான் நிக்கும். இந்த வார்த்தை இருந்ததாலதான் அது பெருசாச்சு. இது போனா அதுவும் நிக்காது.” பெவர்லி போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு விரைந்தார்.

கூடத்தில் சுப்பையா உதடுகளை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுபாஷினி அவர் பக்கத்தில் அமர்ந்தாள்.

“அழுங்கப்பா. என்ன வேணாலும் சொல்லி அழுங்க.”

அவர் வாசலில் பேசிக்கொண்டிருந்த பெவர்லியைப் பார்த்தார். பிறகு குனிந்து, அம்மாவின் புருவத்தில் உதிர்ந்திருந்த குங்குமத்தை ஒற்றை விரலால் மெல்லத் துடைத்தார்.