ஒரு வீட்டின் ஒற்றை வாக்கு

...அப்படியென்றால் தோற்றவருக்குப் போட்ட அத்தனை வாக்கும் எங்கே போகிறது என்று கேட்பார்கள், அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறாய், தீப்தி தன்னையே கேட்டுக்கொண்டாள், டிராம் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ரயில் நிலையத்தை விட்டு நகர்ந்திருந்தது. பிற்பகல் விவாத வகுப்பு. அமெரிக்க அதிபர் தேர்தல் முறையை மாற்ற வேண்டுமா, வேண்டாமா... சீட்டு எடுத்ததில் அவளுக்கு வந்தது வேண்டாம் என்ற பக்கம். ஒரு மாநிலத்தில் யார் முந்துகிறாரோ, அதிபரைத் தேர்ந்தெடுக்க அந்த மாநிலத்துக்கு உள்ள தேர்வாளர் வாக்குகள் மொத்தமும் அவருக்கே, இரண்டு மாநிலங்கள் தவிர எங்கும் அப்படித்தான், அதனால் நாடு முழுக்க அதிக வாக்கு வாங்கியவரே தோற்றதும் உண்டு. இதை நியாயப்படுத்த வேண்டும். இயற்பியல் படித்தவளுக்குக் கணக்கு கஷ்டமில்லை, எழுந்து நின்று பேசுவதுதான் கஷ்டம். பக்கத்தில் எதிரணி கிரிதர், மதுரைக்காரன், சும்மா வருவானா. "லட்சக்கணக்குல ஓட்டுப் போட்டும் வேஸ்ட்டு. இதுக்குப் போய் வக்காலத்து வாங்குறியே தீப்தி!" அவள் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள், "மாநிலம்ங்கறது ஒரு ஆள் மாதிரி. உள்ள என்ன சண்டை இருந்தாலும் வெளிய ஒரே குரல்தான். அதான் அதுக்கு மரியாதை." "அடேயப்பா! இதையே அங்க சத்தமா சொல்லு, என் காதுக்குள்ள முணுமுணுக்காத."

நல்ல வாக்கியம்தான், எங்கிருந்து வந்தது... அம்மாவிடமிருந்து, வேறு எங்கிருந்து. காலையில் வீடியோவில் அழைத்தாள், குரலில் அவ்வளவு சந்தோஷம், "ஸ்ரீஹரி வீட்டுக்குச் சொல்லிட்டோம்டி, எங்க வீட்ல எல்லாருக்கும் சம்மதம்னு. வெள்ளிக்கிழமை தட்டு மாத்திக்கிறோம், நீ வீடியோல வந்தா போதும்." ஸ்ரீஹரி டெக்ஸாஸில் இருக்கிறான், தை மாதம் கல்யாணம் என்றால் பேராசிரியர் இங்கே தருவதாகச் சொன்ன ஆராய்ச்சி இடம் போய்விடும், இரண்டு வருடம் காத்திருந்து வாங்கியது, ஒப்புக்கொள்கிறேன் என்று இந்த வாரமே எழுத வேண்டும்... பின்னாலிருந்து தம்பி வருண் கத்தினான், "அவ மூஞ்சியப் பாரும்மா, சம்மதம் மாதிரியா இருக்கு?" அம்மா அவன் பக்கம் திரும்பினாள். "வீட்டுக்குள்ள ஆயிரம் இருக்கும்டா. வெளிய ஒரே வார்த்தைதான் போகணும்." போய்விட்டது, எல்லாருக்கும் சம்மதம், அந்த எல்லாரிலும் அவளும் உண்டு, அவளுடைய மறுப்பையும் சேர்த்தே சம்மதமாக எண்ணி அனுப்பிவிட்டார்கள்... டெக்ஸாஸில் தோற்ற கட்சிக்காரனும் இப்படித்தான் வீட்டில் உட்கார்ந்திருப்பானோ, தன் மாநிலம் தனக்குப் பிடிக்காதவரைத் தேர்ந்தெடுத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டு? மாற்றத்தான் வேண்டும் இந்த முறையை, கிரிதர் சொல்வதுதான் சரி, இன்று அவன் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டால் என்ன...

ஆனால் அந்தக் கட்சிக்காரன் வரிசையில் நின்றான், போட்டான், தோற்றவருக்கு இத்தனை வாக்கு என்று வெளியிடுவார்களே, அதில் அவன் இருக்கிறான். நான்? எப்போது வேண்டாம் என்று சொன்னேன்? முதலில் புகைப்படம் வந்தபோது, நல்லா இருக்காரு என்றேன். அப்பா நேராகவே கேட்டார், "என்னம்மா சொல்ற?" உங்க இஷ்டம்ப்பா. பிறகொரு நாள், பாக்கலாம். இன்று காலை, கிளாசுக்கு நேரமாச்சும்மா, வைக்கிறேன்... வேறு ஏதாவது சொல்லியிருக்க வேண்டுமே, ஒரு தடவையாவது, ஆராய்ச்சி இடத்தைப் பற்றியாவது? தேடினாள். வருண் மட்டும்தான் அவளுக்காக எதையோ சொல்லியிருக்கிறான், அதுவும் அவள் முகத்தைப் பார்த்து. அம்மா எதையும் மாற்றி எண்ணவில்லை. எண்ணுவதற்கு அவள் ஒன்றும் கொடுத்திருக்கவில்லை. அம்மாவின் மேல் கோபமாக இருந்தவரை எவ்வளவு சுலபமாக இருந்தது... "இறங்கு, நீதான் முதல்ல பேசணும்," என்றான் கிரிதர். கதவு திறந்தது, குளிர் முகத்தில் அடித்தது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாளிருக்கிறது, தொண்டையைச் செருமிப் பார்த்தாள், குரல் வருகிறதா என்று.